தீராத நோயும் தீர்ந்த நோயும்: வயிற்றுப் புண்ணின் வரலாறு

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்கு வெளியூரிலிருந்து வருவோர் பெரும்பாலும் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தைக் காணவே வருகின்றனர். வ.உ. சிதம்பரனாருடன் 1908இல் சிறைப்பட்ட அவர், சிறைவாசத்தில் தொழுநோய்க்கு ஆளானார். 1925 ஜூலை 23ஆம் நாள் இவ்வூரிலேயே உயிர் நீத்தார். நோயின் காரணமாக இரயிலில் ஏற அவருக்குத் தடை இருந்தது என்பதையும், மாட்டுவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்றார் என்பதையும் கேட்டே இவ்வூர்ப் பிள்ளைகள் வளர்ந்தோம். அந்நோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இலேயே கண்டுவிட்டார். அதை அழிக்கும் மருந்து 1940களில்தான் வந்தது. காரணம் தெரிந்தும் மருந்து தெரியாத அந்த எழுபதாண்டு இடைவெளியில் சிவா வாழ்ந்து மறைந்தார்.

இதற்கு நேர்மாறான வரலாறு உடைய ஒரு நோயைப் பற்றி எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதைத் தீர்க்கும் மருந்துகள் நாற்பது ஆண்டுகளாகக் கடைகளில் இருந்தன. காரணம் இன்னதென்பதைத்தான் மருத்துவ உலகம் ஏற்க மறுத்தது. மக்கள் அதனை அல்சர் என்றும் வயிற்றுப் புண் என்றும் அழைப்பர்.

எங்கள் குடும்பத்தில் அந்நோய்க்கு ஆளானவர் என் சின்னத்தா. புளி மண்டி வைத்திருந்தார். நள்ளிரவு கடந்து வயிறு காலியாகும் நேரத்தில் வலி அவரை எழுப்பிவிடும். ஒரு குவளைப் பாலோ இரண்டு ரொட்டித் துண்டோ உள்ளே சென்றால் அடங்கும். முன்சிறுகுடல் புண்ணுக்கு மருத்துவ நூல்கள் கூறும் இலக்கணம் இதுவே என்பதைப் பிற்பாடு படித்து அறிந்தேன். மிளகாய் கூடாது, கோபம் கூடாது, வயிறு காலியாக இருக்கக் கூடாது என்பது அவருக்குச் சொல்லப்பட்ட பத்தியம். ‘இது தீருகின்ற நோய் அன்று, அடக்கி வைக்கலாம்’ என்று மருத்துவர் கூறியதாக அவரே சொல்வார். ஆகவே 1978 முதல் ஒவ்வொரு ரமளானிலும் அவர் நோன்பு வைக்கவில்லை. நாள் ஒன்றுக்கு ஓர் ஏழைக்குரிய உணவின் பெறுமதியைக் கணக்கிட்டு ஃபித்யாவாகக் கொடுத்துவந்தார். ஸஹர் நேரத்தில் வீடே விழித்திருக்க, அவர் மட்டும் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொள்வதைச் சிறுவனாக இருந்தபோது கண்டிருக்கிறேன்.

மார்க்கச் சட்ட நூல்கள் நோயாளியை இருவகையாகப் பிரிக்கின்றன. குணமாகும் என எதிர்பார்க்கப்படும் நோயாளி பின்னர் களாச் செய்ய வேண்டும். குணமாகும் என்ற நம்பிக்கையே அற்றவர், தள்ளாத முதியவரின் நிலையில் வைக்கப்பட்டு, ஃபித்யா கொடுப்பார். இவ்விரண்டையும் பிரிப்பது நோயின் தன்மை பற்றிய ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பை வழங்குபவர் ஃபகீஹ் அல்லர், நம்பத்தகுந்த மருத்துவர். ஃபகீஹ் அதன்மீது தம் சட்டத்தை எழுப்புகிறார். அப்படியாயின், மருத்துவ உலகம் முழுவதுமே ஒரு நோயைப் பற்றிப் பிழையாக எண்ணியிருந்தால்?

வயிற்றுப் புண் விஷயத்தில் நடந்தது அதுவே. 1910இல் குரோவேஷிய அறுவை மருத்துவர் ஷ்வார்ஸ், அமிலம் இல்லையேல் புண்ணும் இல்லை என்ற கொள்கையை வகுத்தார். அது பாதி உண்மை. பாதி உண்மைக்குள்ள வலிமை முழுப் பொய்க்கு இருப்பதில்லை. எழுபது ஆண்டுகள் அது அசையாமல் நின்றது. சிகாகோவில் சிப்பி என்னும் மருத்துவர் 1915இல் மணிக்கொருமுறை பாலும் பாலேடும் புகட்டும் பத்தியத்தை ஏற்படுத்தினார். என் சின்னத்தாவின் கட்டிலருகே இருந்த பால் குவளை அங்கிருந்து வந்ததுதான். பின்னர் அமிலத்தைத் தூண்டும் நரம்பை வெட்டினர். இரைப்பையின் ஒரு பகுதியையே அகற்றினர். 1976இல் சிமெடிடின் என்னும் மாத்திரை வந்தபோது கத்தியின் தேவை குறைந்தது. அதைக் கண்டறிந்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசும் பெற்றார். ஆயினும் மாத்திரையை நிறுத்திய சில மாதங்களில் புண் திரும்பி வந்தது. ஆயுள் முழுவதும் உண்ண வேண்டிய மருந்து என்றாயிற்று.

இதற்கிடையே நம் மண்ணில் நடந்த ஆராய்ச்சிகள் அதிகம் பேசப்படுவதில்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் அன்று திருவிதாங்கூரில் இருந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் ஹோவர்ட் சோமர்வெல் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1920களில் பணியில் சேர்ந்தார். எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி 1922லும் 1924லும் சென்ற குழுக்களில் இருந்தவர். ஆக்ஸிஜன் கருவியின்றி ஏறக்குறைய 28,000 அடி வரை ஏறியவர். முதற்பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றி வந்தபோது நெய்யூரில் காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, இலண்டனில் தமக்கிருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு வந்தார். வந்தவர் வியந்தது, முன்சிறுகுடல் புண் அப்பகுதியில் அத்தனை மிகுதியாக இருந்ததைக் கண்டுதான். அவரும் அவருடைய சக மருத்துவர் ஆர் என்பவரும் தம் அறுவை அனுபவங்களைத் தொகுத்து 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டனர். நோயின் வேரை அவர்கள் உணவில் தேடினர். மரவள்ளிக் கிழங்கை நம்பி வாழும் ஏழைகளின் சத்தற்ற உணவின்மீது ஐயம் விழுந்தது.

அந்த ஐயத்துக்குக் குன்னூரிலிருந்து வலுச் சேர்ந்தது. அங்கே உணவு ஆராய்ச்சிக்கூடத்தை நடத்திவந்த ராபர்ட் மெக்கரிசன், இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளி உணவை உண்ட எலிகளில் கணிசமானவற்றுக்கு வயிற்றில் புண் கண்டது. கோதுமையும் பாலும் காய்கறியும் கொண்ட வடநாட்டு உணவை உண்டவற்றுக்கு அது இல்லை. பின்னர் மைசூர் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பிராங்க் டோவி என்னும் அறுவை மருத்துவர், இந்தியாவிலும் வங்காளதேசத்திலும் இந்நோய் எங்கே மிகுதி, எங்கே குறைவு என்று திரட்டி 1979இல் வெளியிட்டார். அரிசி உண்ணும் தெற்கிலும் கிழக்கிலும் மிகுதி. கோதுமையும் சிறுதானியமும் உண்ணும் பகுதிகளில் குறைவு என்பது அதன் சாரம். எங்கள் பக்கம் கேழ்வரகுக் களி உண்ட பூமி. சின்னத்தாவும் களி உண்டு வளர்ந்தவர்தாம். மண்டி செழித்த பின்னரே மூன்று வேளையும் அரிசிச் சோற்றுக்கு மாறினார். இதைக் கொண்டு ஒரு முடிவுக்கு வர எனக்கு ஆசைதான். ஒரு மனிதரின் வயிறு ஆதாரம் ஆகாது என்பதால் விட்டுவிடுகிறேன்.

கிருமியை எவரும் காணவில்லையா என்றால், பலரும் கண்டனர். இத்தாலியரான பிட்சோசெரோ நாயின் இரைப்பையில் சுருள் வடிவக் கிருமிகளை 1893இலேயே வரைந்து காட்டியுள்ளார். மனித இரைப்பையிலும் அவை அவ்வப்போது தென்பட்டன. ஆனால் 1954இல் பால்மர் என்னும் அமெரிக்க மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைத் திசுவைச் சோதித்து, அத்தகைய கிருமி எதுவும் அங்கே வாழ்வதில்லை என்று அறிவித்துவிட்டார். அவர் பயன்படுத்திய சாயம் அக்கிருமியைத் தெளிவாகக் காட்டக்கூடியது அன்று. அத்தனை கடுமையான அமிலத்தில் உயிர் வாழ இயலாது என்ற எண்ணம் முன்னரே வேரூன்றியிருந்ததால், பால்மரின் முடிவை எவரும் மறுபரிசீலனை செய்யவில்லை. பார்த்தவர்களும், வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு என்று ஒதுக்கினர்.

இந்த இடத்தில் ஒரு கிரேக்க மருத்துவரை நினைவுகூராமல் செல்வது அநீதியாகும். மெசொலோங்கி என்னும் சிற்றூரில் தொழில் செய்த ஜான் லிகூடிஸ், 1958இல் தம் சொந்த வயிற்று நோய்க்கு ஆன்டிபயாடிக் உண்டு குணமடைந்தார். பிறகு தம்மிடம் வந்த புண் நோயாளிகளுக்கும் அதையே கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் அவரைத் தேடி வந்தனர். 1960களில் அவர் அனுப்பிய கட்டுரையை அமெரிக்க மருத்துவ இதழ் ஏற்கவில்லை. அவருடைய நாட்டு மருத்துவ அமைப்பு அவருக்கு 4,000 திராக்மா அபராதம் விதித்தது. 1980இல் அவர் இறந்தார். இன்னும் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி கிடைத்திருக்கும்.

பெர்த் நகர அரச மருத்துவமனையில் திசு ஆய்வாளராக இருந்த ராபின் வாரன், 1979இல் அழற்சியுற்ற இரைப்பைத் திசுவில் அந்தச் சுருள் கிருமிகளைக் கண்டார். வெள்ளி உப்பாலான சாயத்தைப் பயன்படுத்தியதால் அவை கரிய நிறத்தில் தெளிவாகத் தெரிந்தன. உடன் பணியாற்றியவர்கள் நம்பவில்லை. 1981இல் பாரி மார்ஷல் என்னும் இளம் மருத்துவர் அவருடன் சேர்ந்தார். நோயாளிகளின் திசுவை எடுத்து, கிருமியைத் தட்டுகளில் வளர்க்க முயன்றனர். இரண்டு நாள்களில் ஒன்றும் முளைக்காவிட்டால் தட்டுகளை எறிந்துவிடுவது ஆய்வுக்கூட வழக்கம். அப்படியே முப்பதுக்கும் மேற்பட்ட முயற்சிகள் வீணாயின. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை எவரும் கவனிக்கவில்லை. விடுமுறை முடிந்து திறந்தபோது கிருமி வளர்ந்திருந்தது. மெதுவாக வளரும் அந்த உயிருக்கு வேண்டியிருந்தவை கூடுதலாக மூன்று நாள்கள்!

அப்போதும் மருத்துவ உலகம் அசையவில்லை. 1984இல் மார்ஷல், தம் இரைப்பை நலமாக இருப்பதை முதலில் எண்டோஸ்கோபி மூலம் உறுதிசெய்துகொண்டு, வளர்த்த கிருமியைக் கரைத்துக் குடித்தார். சில நாள்களில் குமட்டலும் வாந்தியும் வாய்நாற்றமும் கண்டன. பத்தாம் நாள் எடுத்த திசுவில் அழற்சியும் கிருமியும் இருந்தன. தன்னைத் தானே அழிவில் இடுவதைத் தடுக்கும் நம் மார்க்கத்தின்படி இச்செயலுக்கு என்ன தீர்ப்பு என்று ஒரு மாணவர் என்னிடம் வகுப்பில் கேட்டதுண்டு. உரிய மருந்து கைவசம் இருந்த நிலையில் அது அழிவு ஆகுமா என்று நான் அவரிடமே திருப்பிக் கேட்டேன். அன்றைய பாடம் அதோடு நின்றுபோயிற்று.

அமிலத்தில் அக்கிருமி எவ்வாறு பிழைக்கிறது என்ற வினாவுக்கு விடை எளியது, வியப்பூட்டுவது. அது யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து, வயிற்றிலுள்ள யூரியாவைச் சிதைத்து அம்மோனியா உண்டாக்குகிறது. அம்மோனியா தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறிக்கிறது. அந்தச் சிறு பாதுகாப்புக்குள் நீந்திச் சென்று, இரைப்பைச் சுவரை மூடியுள்ள சளிப்படலத்தின் அடியில் அது குடியேறுகிறது. சுவர் நலிந்த பின் அமிலம் அதைப் புண்ணாக்குகிறது. ஷ்வார்ஸின் பாதி உண்மை இங்கே தன் மறுபாதியைக் கண்டது. கிருமிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பெயர் 1989இல் நிலைத்தது. 1994இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, கிருமி உள்ள புண் நோயாளிகளுக்கு ஆன்டிபயாடிக் தரவேண்டும் என்று அறிவித்தது. அதே ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வகம் இதனை இரைப்பைப் புற்றுக்குக் காரணமானவற்றின் வரிசையில் சேர்த்தது. வாரனும் மார்ஷலும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். வாரன் 2024இல் காலமானார்.

பரிசுச் செய்தி வந்தபோது நம்மவர் சிலர் மேடைகளில் பேசியதும் நினைவிருக்கிறது. இப்னு சீனா இதை முன்பே சொல்லிவிட்டார் என்றனர். அல்கானூனின் மூன்றாம் பாகம் இரைப்பையின் நோய்களை விரிவாகப் பேசுகிறது. புண்ணும் அவற்றுள் உண்டு. ஆனால் அவர் கூறும் காரணம் உடலின் கலவைகள் கெட்டுப்போவது. அவருடைய காலத்து அறிவு அது. அதில் கிருமியைத் திணிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மஸ்தகிப் பிசினைப் பற்றியும் இவ்வாறே கூறப்பட்டது. யூனானி மருத்துவத்தில் ஜவாரிஷ் மஸ்தகி இரைப்பைக்குரிய லேகியம். 1998இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஆய்வுக்குழாயில் அப்பிசின் இக்கிருமியைக் கொல்வது கண்டறியப்பட்டது. செய்தி நம் இதழ்களிலெல்லாம் வந்தது. 2003இல் எலிகளுக்கும் மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்ததில் கிருமி அழியவில்லை. அச்செய்தியை நம் இதழ்களில் நான் காணவில்லை. தேனைப் பற்றி ரியாதில் 1991இல் வந்த ஆய்வும் ஆய்வுக்கூடத் தட்டில் நடந்ததே. வயிற்று நோயுற்ற சகோதரருக்குத் தேன் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் பணித்த ஹதீஸை, இக்கிருமிக்கான மருத்துவக் குறிப்பாகச் சுருக்குவதற்கு உரையாசிரியர்கள் எவரும் வழிகாட்டவில்லை.

முன்னோரிடம் நாம் கொள்ளவேண்டிய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அர்ராஸீ, ஜாலீனூஸைத் தம் ஆசான் என்று போற்றிக்கொண்டே அவர்மீதான ஐயங்களைத் தனி நூலாக எழுதினார். அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ, ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் எகிப்தைப் பஞ்சம் வாட்டியபோது குவிந்து கிடந்த எலும்புகளிடையே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்வையிட்டார். கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று ஜாலீனூஸ் எழுதியிருந்தார். அது ஒரே எலும்பு என்பதைக் கண்ணால் கண்டு பதிவு செய்தார். ஆயிரம் ஆண்டுகளாக மருத்துவர் ஒவ்வொருவரிடமும் ஒரு தாடை இருந்தது. எண்ணிப் பார்த்தவர் அவர். பால்மரின் முடிவை மறுமுறை சோதிக்காத இருபதாம் நூற்றாண்டு மருத்துவர்களை எண்ணும்போது அல்பக்தாதீயே என் நினைவுக்கு வருகிறார்.

கிருமியைக் கண்டபின் உணவாராய்ச்சிகள் பொய்த்துப்போயினவா? அப்படியும் சொல்ல இயலவில்லை. ஐதராபாத்தில் நடந்து 1991இல் வெளிவந்த ஒரு கணக்கெடுப்பின்படி, சிறுவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டோருக்கும், இருபது வயதைக் கடந்தவர்களில் ஐந்தில் நால்வருக்கும் இக்கிருமித் தொற்று இருந்தது. நெருக்கமான குடியிருப்பும் தூய்மையற்ற நீரும் அதற்கு வழிவகுப்பவை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் வீட்டுக்குள்ளேயே தொற்றுகிறது. ஆனால் தொற்றுடையோரில் மிகச் சிலருக்கே புண் உண்டாகிறது. கிருமி வடக்கிலும் தெற்கிலும் ஒருசேரப் பரவியிருக்க, புண் மட்டும் தெற்கில் ஏன் மிகுந்தது என்ற டோவியின் கேள்வி உயிரோடுதான் இருக்கிறது. கிருமியே இல்லாமல் வலிநிவாரண மாத்திரைகளால் வரும் புண்ணும் உண்டு. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி உண்ணும் முதியோர் இதை அறிந்திருப்பது நலம்.

என் சின்னத்தாவுக்கு 1996இல் எண்டோஸ்கோபி செய்தனர். எடுத்த சிறு திசுத் துணுக்கை ஒரு மஞ்சள் நிறப் பசையில் இட்டபோது அது இளஞ்சிவப்பாக மாறியது. யூரியேஸ் நொதியின் வேலை அது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றும் ஆன்டிபயாடிக் இரண்டும் பதினான்கு நாள்கள். பதினெட்டு ஆண்டுத் துன்பம் முடிந்துபோயிற்று. நான்காம் நாளே வலி நின்றுவிட்டதால் மீதி மாத்திரைகள் எதற்கென்று அவர் கேட்டதும், என் சின்னம்மா பிடிவாதமாக எண்ணி எண்ணிக் கொடுத்ததும் நினைவிருக்கிறது. இன்று அந்தப் பிடிவாதம் முன்னைவிடத் தேவைப்படுகிறது. பாதியில் நிறுத்தியும், காய்ச்சலுக்கும் சளிக்கும் கண்டபடி உண்டும் இம்மருந்துகளை நாம் மழுங்கடித்துவிட்டோம். இக்கிருமியின் மருந்து எதிர்ப்பை உலக சுகாதார அமைப்பு 2017இல் கவலைக்குரியவற்றின் பட்டியலில் வைத்தது. அன்று இரு ஆன்டிபயாடிக்குகளால் அழிந்த கிருமிக்கு, இன்று பிஸ்மத் உப்பையும் சேர்த்து நான்கு மருந்துகள் பல இடங்களில் தரப்படுகின்றன. சிகிச்சை முடிந்து நான்கு வாரம் கழித்து, மூச்சுச் சோதனையாலோ மலச் சோதனையாலோ கிருமி அகன்றதா என்று உறுதிசெய்துகொள்ளவும் வேண்டும்.

வலி நின்ற மறு ரமளானில் அவர் நோன்பு நோற்றார். பெருநாள் கழிந்ததும் என்னை அழைத்து, பதினெட்டு ரமளான்களுக்குக் கொடுத்த ஃபித்யா என்னவாயிற்று என்று கேட்டார். நான் அப்போது ஓதி முடித்து வந்திருந்த இளைஞன். என் உஸ்தாதிடம் எடுத்துச் சென்றேன். ஷாஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி, நம்பிக்கையற்ற நோயாளியின்மீது தொடக்கத்திலேயே கடமையானது ஃபித்யாதான். பின்னர் குணமடைந்தாலும் களா இல்லை. ஹனஃபி மத்ஹபில் ஃபித்யா செல்லுபடியாக, இயலாமை இறுதிவரை நீடிக்க வேண்டும். ஆற்றல் திரும்பினால் களா கடமையாகும், கொடுத்தது உபரியான தர்மமாகும். இவ்விரு நிலைப்பாடுகளையும் மாணவப் பருவத்தில் மனனம் செய்திருந்தேன். தீராத நோய் என்பது அல்லாஹ்விடமுள்ள உண்மையைக் குறிக்கிறதா, அக்காலத்து மருத்துவரின் அறிவைக் குறிக்கிறதா என்ற கேள்வி அவ்வேறுபாட்டின் அடியில் கிடக்கிறது என்பது அன்றுதான் புரிந்தது. இறக்கப்பட்ட நோய் ஒவ்வொன்றுக்கும் நிவாரணமும் இறக்கப்பட்டுள்ளது, அதை அறிந்தவரும் உண்டு அறியாதவரும் உண்டு என்ற கருத்தில் இப்னு மஸ்ஊத் (ரலி) வாயிலாக வரும் அறிவிப்பை உஸ்தாத் நினைவூட்டினார்கள்.

சின்னத்தா ஹனஃபி. ஐந்நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட நோன்புகள் என்று மண்டிக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு, திங்களும் வியாழனுமாக, பகல் குறுகிய மார்கழி தை மாதங்களில் தொடர்ச்சியாகவும் நோற்கத் தொடங்கினார். ஏழாம் ஆண்டில் அப்பக்கத்தின் மீது குறுக்குக் கோடு போட்டார்.